வரைவாக இருக்கும்போதே வாய் திறப்போம்!

 

சித்திரை மாதத்து நண்பகலில் மேல்மாடி அறையொன்றில் சற்று நேரம் அமர்ந்து பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், அஸர் தொழுகை முடிந்த பின்னும் அந்த வெப்பத்தை அறைக்குள் உமிழ்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறி அனற்காற்றைத்தான் சுழற்றும். ஓதும் பிள்ளைகளின் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் நிற்கும் பெண்மக்களின் நிலையையோ சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய மாடியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் என் மனத்தில் அடிக்கடி எழும் வினா இதுதான்: இந்தத் தளம் எப்படி அமைய வேண்டும், இந்தச் சன்னல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

கொத்தனார் என்று நாம் எளிதில் விடை கூறிவிடுவோம். கொத்தனாருக்கு மேலே பொறியாளர் இருக்கிறார். பொறியாளருக்கு மேலே உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி இருக்கிறது. அதற்கும் மேலே அரசின் கட்டட விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர்கள் கூடியமர்ந்து எழுதியவை. எழுதும்போது சிலரைக் கேட்டு எழுதியவை. கேட்கப்பட்டவர்களுள் நாம் இருந்தோமா என்பதே இக்கட்டுரையின் வினா.

பத்ருக் களத்தில் ஒரு யோசனை

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நடந்த பத்ருப் போரின் வரலாற்றை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் படையைத் தங்கச் செய்தார்கள். அப்போது ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) என்னும் தோழர் முன்வந்து, இவ்விடம் இறைக்கட்டளையால் குறிக்கப்பட்டதா, அல்லது போர்முறை பற்றிய கருத்தினால் தேர்ந்தெடுக்கப்பட்டதா என வினவினார்கள். கருத்தினால்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறவே, எதிரிகளுக்கு அண்மையிலுள்ள கிணற்றருகே தங்குவதும், பிற கிணறுகளைத் தூர்த்துவிட்டு நீர்த்தொட்டி ஒன்று அமைத்துக்கொள்வதும் சிறந்தது என அத்தோழர் எடுத்துரைத்தார்கள். அந்த யோசனை ஏற்கப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. மாற்ற முடியாத கட்டளை எது, மனிதக் கருத்தால் அமைவது எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கருத்தால் அமைவது என்று தெரிந்த பின், முடிவு உறுதியாகும் முன்பே வாய் திறக்க வேண்டும். போர் தொடங்கிய பிறகு ஹுபாப் (ரலி) அவர்கள் கிணற்றைப் பற்றிப் பேசியிருந்தால் அதனால் என்ன பயன் விளைந்திருக்கும்?

அருள்மறையின் 42-ஆவது அத்தியாயத்திற்குப் பெயரே 'அஷ்ஷூரா', அதாவது கலந்தாலோசனை. நிக்காஹ் பேசுவதற்கும் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பதற்கும் மஷூரா செய்கின்ற நாம், நம் தலைக்கு மேலுள்ள கூரையின் விதியை மட்டும் ஏன் பிறரிடம் விட்டுவிட்டோம்?

பசுமைக் கட்டட விதி என்றால் என்ன?

பசுமைக் கட்டடம் என்றவுடன் பச்சை வண்ணம் பூசிய சுவரையோ, மாடித் தோட்டத்தையோ எண்ணிவிட வேண்டாம். மின்சாரத்தையும் தண்ணீரையும் குறைவாகச் செலவழித்து, வெப்பத்தை வெளியே நிறுத்தி, காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே வரவிட்டு, கட்டும்போதும் இடிக்கும்போதும் குப்பையைக் குறைத்து, வாழ்வோரின் உடல்நலத்தைக் காப்பதே பசுமைக் கட்டடம்.

இதற்கான அளவுகோல்களில் இருவகை உண்டு. ஒன்று விரும்பியவர் மட்டும் பெறும் தரச்சான்று. 2001-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் வழங்குவது இவ்வகை. மற்றொன்று அரசு சட்டத்தின் வழியே வகுக்கும் விதி. சான்று பெறுவது நம் விருப்பத்தைப் பொறுத்தது; விதியோ நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே, நாம் கண் வைக்க வேண்டியது இரண்டாம் வகையின் மீதுதான்.

நம் நாட்டில் நடந்து வந்த பாதை

இந்திய நாடாளுமன்றம் 2001-ஆம் ஆண்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி 2002 மார்ச்சில் ஆற்றல் திறன் பணியகம் என்னும் மத்திய அமைப்பு உருவாயிற்று. கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பை மத்திய அரசு இப்பணியகத்தைக் கலந்தே வகுக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. 2007-ஆம் ஆண்டு மே மாதம் முதல் விதித்தொகுப்பு வெளியாயிற்று. பெரிய வணிகக் கட்டடங்களே அதன் இலக்கு. 2017-இல் அது திருத்தி எழுதப்பட்டது.

அடுத்து வீடுகளின் முறை வந்தது. 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பின் முதற்பகுதி வெளியிடப்பட்டது. பின்னர், 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்து, குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவந்தது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை என்பது அதில் குறிக்கப்பட்ட எல்லை. மாநில அரசு விரும்பினால் இந்த எல்லையை இன்னும் குறைத்துக்கொள்ளலாம். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சொல்லப்படுவது நாளை நம் தெருவுக்கும் வரக்கூடும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இந்த விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலத்தில் அடங்கும். பெங்களூர் மிதமான மண்டலம். டில்லி கலப்பு மண்டலம். சென்னையைப் போன்ற ஊர்களில் வெளியே திறக்கக்கூடிய சன்னல், கதவு, காற்றுத் துவாரம் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு, வீட்டின் உள்தளப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது விதி. அதாவது உள்தளம் 600 சதுர அடி என்றால் 100 சதுர அடித் திறப்பு வேண்டும். நீங்கள் வாழும் வீட்டை ஒருமுறை அளந்து பாருங்கள்! மொட்டை மாடித் தளம் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கும் விதியில் வரம்பு கட்டப்பட்டுள்ளது.

மத்திய அரசு எழுதியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மாநில அரசு தன் பகுதியின் தட்பவெப்பத்திற்கு ஏற்ப, பணியகத்தைக் கலந்துகொண்டு விதியைத் திருத்தலாம் எனச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. அதன் பின் அது உள்ளாட்சிகளின் கட்டட விதிகளுக்குள் சேர வேண்டும். அப்போதுதான் பிளான் அனுமதிக்கும் அலுவலர் அதைக் கேட்பார். ஆக ஒரே விதி மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்னும் மூன்று வாசல்களைக் கடந்தே நம் வீட்டுக்கு வருகிறது. மூன்று வாசல்களிலும் நாம் நின்று பேச முடியும்.

நாள் குறித்துக் கேட்கும் நாடு

பொதுமக்களையும் அரசுத் துறைகளையும் கேட்டு விதி செய்யும் முறை முழுமையாக எப்படியிருக்கும் என்பதை அறிய, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைப் பார்ப்பது பயன் தரும்.

2007-இல் அம்மாநிலச் சட்டமன்றம் பசுமைக் கட்டடம் பற்றிய சில மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸநேகர் அவற்றுக்கு ஒப்புதல் தர மறுத்தார். கட்டட நுணுக்கங்களைச் சட்டமன்றம் நேரடியாக எழுதுவதைவிட, அதற்கென உள்ள கட்டடத் தர ஆணையத்தின் வழியே அவை உருவாவதே முறை என்பது அவருடைய நிலை. அவ்வாறே ஆணையம் 2008-இல் விரும்பியோர் பின்பற்றும் விதியாக அதை ஏற்றது. 2010 ஜனவரியில் கட்டாய விதியாக நிறைவேற்றி, 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் கட்டாயமான முதல் பசுமைக் கட்டட விதி இதுவே.

வேலை எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்று கவனியுங்கள். வீடுகளுக்கான பகுதியை வீட்டுவசதித் துறை எழுதுகிறது. பொதுப் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒரு துறை. மருத்துவமனைகளுக்கு வேறொரு துறை. எல்லா வரைவுகளும் முதலில் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்படுகின்றன. பிறகு 45 நாள் பொதுமக்களின் பார்வைக்கு விடப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். வந்த கருத்துகளினால் வரைவு குறிப்பிடத்தக்க அளவில் மாறினால், மாறிய பகுதியை மீண்டும் 15 நாளேனும் மக்கள் முன் வைக்க வேண்டும். வந்த ஆட்சேபணையை ஏற்றதற்கும் ஏற்காததற்கும் காரணம் எழுதி வெளியிட வேண்டும்.

இதற்கும் மேலாக, ஒவ்வொரு விதியும் ஒன்பது சோதனைகளில் தேற வேண்டும். பிற விதிகளோடு முரண்படுகிறதா? பொதுநலனுக்குத் தேவையானதா? நியாயமற்றதா? பொருள் தெளிவாக உள்ளதா? கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் மக்கள் தலையில் விழும் செலவு நியாயமானதா? இவையெல்லாம் அந்த ஒன்பதில் அடங்கும். இந்த முறைமை மூன்றாண்டுக்கு ஒருமுறை முழுமையாகச் சுழல்கிறது. கட்டுமானக் கழிவில் பாதியை மண்ணில் கொட்டாமல் மறுபயனுக்கு அனுப்ப வேண்டும் என்று தொடங்கிய விதி, 2017 முதல் 65 விழுக்காடாக உயர்ந்தது இவ்வாறு படிப்படியாகத்தான்.

அங்கும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. வீடுகளின் விலை ஏழை எளியோர்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. விதிகள் அடிக்கடி மாறுவதும் செலவைக் கூட்டுகிறது என்ற குரல் ஓங்கியது. அதன் விளைவாக 2025 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் 2031 ஜூன் வரை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வீடுகளுக்கான கட்டட விதிகளில் புதிய மாற்றங்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. பூமியைக் காக்கும் விதியும் ஏழைக்கு வீடு கிடைக்கும் வழியும் ஒன்றையொன்று நெருக்கும்போது, இரு தரப்பும் வாய் திறந்தால்தான் நடுவழி பிறக்கும் என்பதற்கு இதுவே சான்று.

நம்மிடமும் வழி இருக்கிறது

"அதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், இங்கே யார் நம்மைக் கேட்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. வழி இல்லாமலில்லை. முன்வெளியீடு செய்தே விதி வகுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கூறுமாயின், வரைவை வெளியிட்டு, நாள் குறித்து, வந்த ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும் என 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மத்திய அரசின் வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2014-இல் வகுக்கப்பட்ட கொள்கை. அது கொள்கைதான், சட்டமன்று. ஆயினும் சுட்டிக்காட்டிக் கேட்க உதவும். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய செய்திகளை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

இதில் பெருந்தடை மொழியே. 2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய அறிவிக்கையின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. பெரிய கட்டுமானங்களையும் தொடும் அறிவிக்கை அது. ஆங்கிலமும் இந்தியும் அறியாதவர் அதைப் படிப்பது எப்படி என்ற வழக்கு டில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2020 ஜூன் 30 அன்று அந்நீதிமன்றம், கருத்துக் கூறும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததுடன், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கவும் ஆணையிட்டது. புரியாத மொழியில் கேட்பது கேட்டதாகாது என்னும் நியாயம் அன்று நீதிமன்றத்தில் எடுபட்டது. அந்த வரைவுக்கு மக்கள் எழுதிய கருத்துகள் பல இலட்சம்.

நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

வரைவு எழுதும் மேசையில் வல்லுநர்கள் இருப்பார்கள். கண்ணாடியும் குளிர்சாதனப் பெட்டியும் விற்போர் தம் கருத்தைத் தவறாமல் எழுதுவார்கள். அவர்களைக் குறை கூற வேண்டியதில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் நம் வாழ்க்கை முறை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தின் நீர்த்தேவையை அங்கே நாள்தோறும் இருப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். பள்ளிவாசலில் நாள்தோறும் இருப்போர் இருவரோ மூவரோதான். ஆனால் ஐவேளையும் ஒளுச் செய்ய வருவோர் பலர். வெள்ளிக்கிழமையோ ஒரு மணி நேரத்தில் ஊரே கூடுகிறது. இதை நாம் எடுத்துச் சொல்லாமல், மின்வாரியத்து அலுவலரும் கட்டடக் கலைஞரும் தாமாக உணர்வார்கள் என எதிர்பார்ப்பது முறையன்று.

ஒளுச் செய்து வழிந்த நீரைப் பற்றியும் நாம்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட நீர் மீண்டும் ஒளுவுக்கு உதவாது. ஆயினும் அது நஜீஸ் அன்று. மரஞ்செடிகளுக்குப் பாய்ச்சவும், வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்பவும் மார்க்கத்தில் தடையில்லை. ஆகவே, ஒளுவின் நீரைச் சாக்கடையோடு கலக்காமல் தனிக்குழாய் வைக்க வேண்டும் என ஒரு விதி வருமானால், அதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாமே. ஒரு முத்து நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுச் செய்த நபியின் உம்மத்து நாம்! குழாயை முழுதும் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே கால் கழுவுகிறோமே, அதை எண்ணித் தலைகுனிய வேண்டாமா?

வீட்டுக்கு வருவோம். பெண்மக்களின் மறைப்பைக் கருதித் தெருப்பக்கம் சிறிய சன்னல்களையே வைப்பது நம் பழக்கம். ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்னும் விதி இதனோடு எவ்வாறு பொருந்தும்? நம் முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தார்கள். வீட்டின் நடுவே முற்றம் வைத்தார்கள். காற்றும் ஒளியும் மேலிருந்து இறங்கின, மறைப்பும் கெடவில்லை. முற்றத்தை நோக்கிய சன்னலையும் திறப்பாகக் கணக்கிடுக, காற்றை விட்டுப் பார்வையைத் தடுக்கும் ஜாலிச் சுவருக்கு உரிய மதிப்புத் தருக என்று எழுதிக் கேட்கலாம். இதைக் கேட்கத் தகுதியானவர் அந்த வீட்டில் பகல் முழுவதும் வாழும் தாய்மார்களே. சகோதரிகளே, இது ஆண்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

செலவையும் பேச வேண்டும். இரண்டு அறை வீட்டைக் கடன்பட்டுக் கட்டும் ஒரு விதவைத் தாய்க்கு, விலையுயர்ந்த கண்ணாடியைக் கட்டாயமாக்குவது அநீதி. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதிப்பது, வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது போன்ற எளிய வழிகளும் வெப்பத்தைத் தணிக்கின்றன. அத்தகைய வழிகளும் விதியில் இடம்பெற வேண்டும் என்று சொல்ல ஒருவராவது வேண்டாமா?

எப்படி எழுதுவது?

வரைவு வந்ததும் எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று குறிப்பிடுங்கள். அதனால் யாருக்கு என்ன இடர் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அதற்கு மாற்றாக எந்த வாசகம் வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். குறை மட்டும் கூறும் கடிதத்தைவிட மாற்று வாசகம் தரும் கடிதத்திற்கு மதிப்பு அதிகம். பெயர், முகவரி, தேதி இட்டு, இறுதி நாளுக்கு முன்பே சேருமாறு அனுப்பி, நகலொன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் பொறியாளர் ஒருவர், வழக்குரைஞர் ஒருவர், கொத்தனார் ஒருவர், ஆலிம் ஒருவர் எனச் சிறு குழு அமையட்டும். தாய்மார்களின் கருத்தை அவர்களிடமே கேட்டு எழுதட்டும். அரசிதழில் வரும் வரைவை அக்குழு படித்து, ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் தமிழில் விளக்கினால் போதும்.

தமிழகத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். பலர் அதிகாரியின் பார்வைக்காகக் குழாய் பதித்தார்கள். பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்து செய்ததை மறப்பது எளிது. நாமே யோசித்து, நாமே எழுதிக் கேட்டு வாங்கிய விதியை நாம் அவ்வாறு மறக்க மாட்டோம்.

விதி உறுதியான பிறகு புலம்புவதில் பயனில்லை. அது வரைவாக இருக்கும் நாள்களே நமக்குரிய நாள்கள். அந்த நாள்களில் மௌனமாயிருந்துவிட்டு, வெந்த கூரையின் கீழ் அமர்ந்து பிறரை ஏசுவது ஹுபாப் (ரலி) அவர்களின் வழியைப் போற்றும் சமுதாயத்திற்கு அழகன்று.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் குளிர்ச்சியையும், நம் மஷூராவில் பரக்கத்தையும், நம் சொல்லில் நன்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.